மங்கலும் மொண்டியும்

புத்தலப்பட்டு
12 ஜூன் 2011

அன்பு மகள் அகிலாவுக்கு,

நைனா சொல்லச் சொல்ல உன் அண்ணி செல்வி எழுதுகிறாள். காது மந்தமானதிலிருந்து போனில் உன் குரல் கொசு பறக்கிற மாதிரிதான் கேட்கிறது. செல்வியைப் பேசச் சொன்னாலோ, நான் பத்து வார்த்தை சொன்னால் அவள் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிடுகிறாள். அதனால் கடிதம். ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

வியாழக்கிழமை நீ உன் மேனேஜர் வரதராஜன் சாரோடு நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்துபோனாயே, அதைப் பற்றித்தான். அவர் நீலக் கோடு போட்ட சட்டை, இடது செருப்பில் வார் தைத்திருந்தது. நீ மாம்பழ நிறச் சுடிதார். கம்ப்யூட்டரில் நீ புதிதாக ஏதோ மாற்றியிருக்கிறாயாம், அது எப்படி இருக்கிறது என்று அவர் ஒவ்வொரு பெண்ணிடமும் தெலுங்கில் கேட்டார். இருபது பெண்களும் 'பாகுந்தி சார், சால பாகுந்தி' என்றார்கள். நல்லா இல்லை என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. உன் முகம் மலர்ந்துபோயிற்று. அது தானாக நடந்தது என்று நினைத்தாயா? நான்தான்.

காலையில் கதவைத் திறக்கும்போதே எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னேன்: "இன்னிக்கி என் பொண்ணு வருது. அது கொண்டாந்ததைப் பெரியவர் கேட்டா நல்லா கீதுன்னு சொல்லுங்க. அத்தோட மொகம் வாடக் கூடாது."

"அதுக்கு இன்னா தர்றே தாத்தா?" என்றாள் பத்மினி. அவள் வாய் உனக்குத் தெரியும். நம் தோப்புப் பங்கனபள்ளி மாம்பழம் ஆளுக்கொன்று கொடுத்தேன். அங்கேயே துன்னு முடித்துக் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இவ்வளவும் செய்தவனைப் பார்த்து நீ, "வாட்ச்மேன், சாருக்குக் கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றாய். கொண்டுவந்தேன். சார் குடித்தார். நீயும் குடித்தாய். சொம்பைத் திரும்ப வாங்கும்போதும் என்னை நைனா என்று நீ கூப்பிடவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆபீசில் உனக்கு ஆயிரம் இருக்கும். எழுதச் சொன்னேன், அவ்வளவுதான்.

இங்கே மழை இன்னும் பிடிக்கவில்லை.

உன் நைனா
கன்னையா

-----

திருப்பதி
19 ஜூன் 2011

நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் சிரிப்பு வந்தது. இரண்டாம் தரம் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணி, இதை அவர் காதருகே உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

சென்டரில் மேசை மேல் இருப்பது கம்ப்யூட்டர் இல்லை, நைனா. ஒரு திரை, ஒரு கீபோர்டு, பின்னால் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. வேலை செய்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் இங்கே, அலிபிரி போகிற ரோட்டில் எங்கள் ஆபீசில் இருக்கின்றன. இங்கே நடப்பதை அங்கே திரையில் காட்ட வேண்டும். அங்கே தட்டுகிற எழுத்து இங்கே வந்து சேர வேண்டும். அப்படிப் போய்வருகிற முறைக்குப் புரோட்டகால் என்று பெயர். எந்த முறையை வைத்துக்கொள்வது என்று சொல்வதுதான் எனக்குக் கொடுத்திருக்கிற வேலை.

முதலில் இருந்த முறையில், வழியில் ஏதாவது தொலைந்துபோனால், அது திரும்பி வரும் வரை எல்லாமே நின்றுவிடும். ஆனால் வரும்போது தெளிவாக வரும். நான் கொண்டுவந்த முறை எதற்கும் நிற்காது. படத்தை உடனே மங்கலாகக் காட்டிவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவாக்கும். பாகாலா டவரிலிருந்து உங்கள் கூரைக்கு ரேடியோவில்தான் வருகிறது. காற்றிலும் மழையிலும் பாதி தொலைந்துவிடும். அதனால் நிற்காத முறையே நல்லது என்று நினைத்தேன்.

உங்கள் சென்டர் பெண்கள் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் காகிதங்களைத் திரையில் பார்த்து எண்களை அடிக்கிறார்கள். புது முறை வந்த நாளிலிருந்து 3 இருக்கிற இடத்தில் 8, 1 இருக்கிற இடத்தில் 7. தப்பு ஏறிக்கொண்டே போகிறது. படம் தெளிவாகும் முன்பே அடிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் வரதராஜன் சார் என்ன சொல்கிறார் தெரியுமா? "யூசர்ஸே நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்களேம்மா. அப்போ கோளாறு உன் புரோட்டகால்ல இல்லை, அந்த ஊர்ல இருக்கு." ஜூலை கடைசிக்குள் தப்பு குறையாவிட்டால் சென்டரை மூடிவிட்டு வேலையைத் திருப்பதிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

பிள்ளைகளையும் மாட்டையும் விட்டு யார் இங்கே வந்து தங்குவார்கள்? பாபு அண்ணன் குவைத்தில். அங்கே வேலை பார்க்கிற அண்ணியும் அவர்களோடு இங்கே வந்துவிட்டால் உங்களுக்கு யார்?

நான் கேட்டது நிஜம். எனக்குக் கிடைத்தது மாம்பழம்.

தயவுசெய்து அவர்களிடம் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள்.

அகிலா

-----

புத்தலப்பட்டு
29 ஜூன் 2011

அகிலாவுக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே சொல்லிவிட்டேன். மறுபடியும் வாசலில் நிற்க வைத்து, "என் பொண்ணு கொண்டாந்தது நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லுங்கடி" என்றேன். உடனே இருபது பேரும் ஒரே குரலில் "நல்லா இல்ல தாத்தா" என்றார்கள்.

"பொய் சொல்லாதீங்க. நெஜத்தைச் சொல்லுங்க" என்றேன்.

"நெஜமாவே நல்லா இல்ல தாத்தா. எங்க மாம்பழம்?" என்று கை நீட்டுகிறாள் பத்மினி.

இப்போது அவர்கள் சொல்வது நிஜமா, நான் சொன்னதால் சொல்கிறார்களா என்று எனக்கே தெரியவில்லை. சுமித்ராவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அதிர்ந்து பேசாதவள், பொய் சொல்ல மாட்டாள். "அகிலா அக்காவுக்கு எது நல்லதோ அதையே சொல்றேன் தாத்தா" என்றாள். அதற்கு மேல் நான் என்ன செய்வேன்?

ஆனால் நான் செய்தது தப்பு என்று நீ எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நமக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா கொடுக்க தாசில்தார் வந்தார். நீ பிறக்கவில்லை. பாபு மடியில். அவர் புளிய மரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊரைக் கேட்டார்: "இந்தாளு இத்தனை நாள் கூலிக்குப் போனவன். நிலத்தைக் கொடுத்தால் பயிர் வைப்பானா, வித்துத் தின்பானா?" அதுவரை சொந்தமென்று ஒரு கீரைச் செடிகூட நான் வைத்ததில்லை. என்னோடு வரப்புச் சண்டை போட்டவன் முதற்கொண்டு எழுந்து நின்று, "வைப்பான் தொரா, நல்லா வைப்பான்" என்றான். யாருக்கும் தெரியாது, எனக்கே தெரியாது. ஆனாலும் சொன்னார்கள். அப்படித்தான் நிலம் வந்தது. அந்த நிலத்தில்தான் நீ படித்தாய். நம்ம ஆள் ஒருத்தர் பெரியவர்கள் முன்னால் நிற்கும்போது பின்னால் நிற்கிறவர்கள் நல்லா இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அது உனக்குப் பொய்யாகப் படுகிறது.

தண்ணீர் விஷயத்துக்கு நீ பதில் எழுதவில்லை.

கன்னையா

அண்ணி எழுதுவது: மாமா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார். பெண்கள் உங்கள் முறைக்கு மங்கல் என்றும் பழையதற்கு மொண்டி என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். மொண்டி மாடு மாதிரி நடுவழியில் படுத்துக்கொள்ளுமாம். எது தேவலை என்று என்னையும் கேட்காதீர்கள். நான் உங்கள் அண்ணி, நானும் மாம்பழம் துன்னவள்தான். யாரையும் வாயால் கேட்காமல் தெரிந்துகொள்ள வழி இருந்தால் பாருங்கள்.

-----

திருப்பதி
5 ஜூலை 2011

நைனாவுக்கு,

தாசில்தார் கதையை நீங்கள் இதற்கு முன் எனக்குச் சொன்னதில்லை. ஊர் வந்து நின்றது, நிலம் கொடுத்தார்கள் என்று மட்டும் சொல்வீர்கள். யாருக்கும் தெரியாமலே நல்லா வைப்பான் என்றார்கள் என்பதை இப்போதுதான் கேட்கிறேன்.

அவர்கள் சொன்ன பிறகு நீங்கள் பயிர் வைத்தீர்கள், நைனா. இருபது வருஷம் முதுகு ஒடிய வைத்துக் காட்டினீர்கள். இங்கே அப்படி இல்லை. மங்கலாகத் தெரிகிற மூன்றை எட்டு என்று அடித்துவிட்டால், அப்புறம் யார் என்ன உழைத்தாலும் அது எட்டுதான். எங்கோ ஒரு நோயாளிக்கு ஆஸ்பத்திரிக் காசு வராமல் நின்றுபோகும்.

தண்ணீர் விஷயம். அந்தக் கட்டடத்தை சென்டருக்குப் பார்த்துச் சொன்னது நான். வாட்ச்மேன் வேலைக்கு உங்கள் பெயரை எடுத்தது பஞ்சாயத்து ஆள். ஆனால் என் அப்பாவுக்காகத்தான் ஊரைத் தேர்ந்தெடுத்தேன் என்று ஆபீசில் பேசுவார்களோ என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே பயம். அன்றைக்கு உங்களைப் பார்த்ததும் அந்தப் பயத்தில் வாய் அப்படி வந்துவிட்டது. திரும்பும்போது பாகாலா தாண்டும் வரை நான் ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன். சார் தலைவலியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

அண்ணி சொன்னதுதான் வழி. இனி யாரையும் கேட்கப் போவதில்லை. திங்கட்கிழமை முதல் பாதி மேசைகளில் மங்கல், பாதி மேசைகளில் மொண்டி. எந்த மேசையில் எது என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். தினமும் காலையில் இங்கிருந்தே மாற்றிவிடுவேன். யார் எந்த மேசையில் உட்கார வேண்டும் என்று ஆபீசில் இருந்து உத்தரவு எதுவும் கிடையாது. இங்கே தப்புகளை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒன்றும் சொல்லாதீர்கள். நல்லா இருக்கிறது என்றும் வேண்டாம், நல்லா இல்லை என்றும் வேண்டாம். மாம்பழமும் வேண்டாம்.

அகிலா

-----

புத்தலப்பட்டு
20 ஜூலை 2011

அகிலாவுக்கு,

நான் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கதவைத் திறந்தேன், சாயந்திரம் பூட்டினேன். கேட்டவர்களுக்குக் காது கேட்கவில்லை என்று கையைக் காட்டிவிட்டேன். ஆனால் கண் இருக்கிறதே, அதை என்ன செய்ய? பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் எல்லாரும் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பத்மினி எழுந்து சுமித்ரா பின்னால் போய் நின்றாள். "ஏய், உனுக்கு மொண்டி வந்துகினு கீதா? எனுக்கு மங்கல்டி!" என்று கத்தினாள். என் காதுக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. முதல் காகிதம் எப்படி வந்து விழுகிறது என்று பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மறுநாளிலிருந்து ரயிலில் இடம் பிடிக்கிற மாதிரிதான். கதவைத் திறந்ததும் நாலைந்து பேர் ஓடி ஒவ்வொரு மேசையிலும் ஒரு காகிதத்தைத் திறந்து பார்ப்பார்கள். மொண்டி வந்த நாற்காலியில் துப்பட்டாவைப் போடுவார்கள். பிந்தி வந்தவர்களுக்கு மங்கல். பத்மினியை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாளும் நேரத்தோடு வந்து பார்த்ததில்லை. இப்போது எனக்கு முன்னால் வந்து படியில் உட்கார்ந்திருக்கிறாள். சுமித்ரா இட்லிப் பொட்டலத்தோடு வந்து, நாற்காலியை விடாமல் துன்னுக்கினே வேலை பார்க்கிறாள். உள்ளே துன்னக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். ஒன்றும் சொல்லாதே என்று நீதானே சொன்னாய்?

போன புதன்கிழமை நல்ல மழை. காற்று சுழற்றி அடித்தது. அன்றைக்கு மட்டும் கதை மாறிவிட்டது. மொண்டிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். "நல்லா ஒக்காந்துகினே இரு, நேத்து நீ என்னைத் தள்ளிட்டு ஒக்காந்தியே" என்று மங்கல்காரிகள் சிரித்துக்கொண்டே வேலை பார்த்தார்கள். மழை விட்டதும் மறுபடி எல்லாரும் மொண்டிக்கு ஓடினார்கள்.

இதில் நீ கொண்டுவந்தது தோற்றுப்போகிறதென்று எனக்குத் தெரிகிறது. செல்வி சொன்னாள். மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

கன்னையா

-----

திருப்பதி
2 ஆகஸ்ட் 2011

நைனாவுக்கு,

வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தப்புக் கணக்கைக் காட்டினேன். மங்கல் மேசைகளில் தப்பு பல மடங்கு. மொண்டியில் அநேகமாக இல்லை. மழை நாளில் மட்டும் மொண்டி வேலையையே நிறுத்திவிடுகிறது. அதற்கு முறையை மாற்ற வேண்டாம், வழியைச் சரிசெய்தால் போதும். பாகாலாவுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கிற யூகலிப்டஸ் தோப்பு மறைக்காத உயரத்துக்கு ஆன்டெனாவை ஏற்ற வேண்டும். நான் கொண்டுவந்ததை எடுத்துவிட்டுப் பழையதையே வைக்கலாம் என்று சொன்னேன்.

வரதராஜன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கி அத்தனை பேரும் நல்லா இருக்குன்னாங்களே, அது என்ன?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். புதுசு என்பதால் அப்படிச் சொன்னார்கள் என்று ஏதோ சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டில் அந்த முதல் விசாரணையும் இருக்கிறது. அதைச் செல்லாது என்று நான் எழுதினால் ஏன் செல்லாது என்றும் எழுத வேண்டும்.

"எனக்காகச் சொன்னாங்க சார். அப்படிச் சொல்லச் சொன்னது அந்த சென்டர் வாட்ச்மேன். அவர் என் அப்பா."

"தண்ணி கொடுத்தாரே, அவரா?"

"அவர்தான்."

யாரோ ஒருவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. "இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்மா" என்றார். அது சரிதான்.

முடிவு இதுதான். சென்டர் மூடவில்லை. மொண்டியே இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்பு ஆன்டெனாவை ஏற்றிவிட்டு, சங்கராந்தி வரை பார்ப்பார்கள். ஆனால் புத்தலப்பட்டு பற்றி முடிவெடுக்கிற வேலையை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சொந்த ஊர், சொந்த அப்பா, ஆகாதாம். அங்கிருந்து வருகிற புகார்களைக் கேட்டுச் சரிசெய்கிற வேலை மட்டும் என்னிடம் இருக்கிறது. அதிலும் ஒரு மாதமாக ஒரு புகார்கூட வரவில்லை. நீங்கள் எல்லாரும் அவ்வளவு சந்தோஷமாகவா இருக்கிறீர்கள்?

புகார் வராத சென்டரில் யாரும் ஒழுங்காக வேலை செய்வதில்லை என்றுதான் இங்கே நினைப்பார்கள். இங்கிருந்து ஃபாரம் அனுப்பினால் அவர்கள் எழுத மாட்டார்கள், எனக்குத் தெரியும். உங்களிடம் வாய்விட்டுச் சொல்வார்கள். அதை எனக்கு அனுப்புங்கள், நைனா. சென்டர் நிற்பதும் நிற்காததும் இனி அதில்தான் இருக்கிறது.

அகிலா

-----

புத்தலப்பட்டு
14 ஆகஸ்ட் 2011

என் மகள் அகிலாவுக்கு,

உன் கடிதத்தை செல்வி படித்து முடித்ததும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அரை மணி கழித்துத்தான் உள்ளே வந்தேன். 'அவர் என் அப்பா' என்று நீ சொன்ன இடத்தை மறுபடி படிக்கச் சொன்னேன்.

மறுநாள் காலையில் வாசலில் மறுபடி எல்லாரையும் நிற்க வைத்தேன். "இப்போ இன்னா சொல்லணும் தாத்தா, நல்லா கீதா, நல்லா இல்லியா?" என்றாள் பத்மினி.

"எது நெஜமோ அது. திட்டணும்னா திட்டு" என்றேன்.

"யாரை?"

"என் பொண்ணைத்தான். நான் எதிர்ல நின்னு கேட்டுக்கினு போறேன்."

இரண்டு நாள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நான் எங்கே வருத்தப்படுவேனோ என்று சோற்றுப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் சுமித்ரா வந்தாள். ஆமாம், அதே சுமித்ராதான். பேசி முடிக்க நேரமாயிற்று. அதற்கப்புறம் அடைத்த மடை உடைந்த மாதிரி எல்லாரும் வந்துவிட்டார்கள். அவரவர் சொன்னதை வரிசையாக மனசில் வைத்திருக்கிறேன். எழுதிக்கொள்:

சுமித்ரா: "சாயந்திரம் நாலு மணிக்கு மேல மொண்டி ரொம்ப மொண்டி. ஒரு எழுத்து தட்டிட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வரலாம். அகிலா அக்கா அங்க ஏசி ரூம்ல ஒக்காந்துகினு இதை மொண்டியிலே அடிச்சிப் பாக்கட்டும்."

மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருகிற பெண்: வெயில் திரையில் விழுகிறது, இரண்டு மாதமாகத் திரைச்சீலை கேட்டுக்கொண்டிருக்கிறோம், யாருக்கும் காது இல்லையா? இதைச் சொல்லும்போது என் காதைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களும் சேர்ந்து: படம் முழுசாக வந்து சேரும் முன்பு நடுவில் கட்டானால், அடித்ததெல்லாம் போய்விடுகிறது. முதலிலிருந்து அடிக்க வேண்டியிருக்கிறது. அழுகை வருகிறது. ஒருத்தி நிஜமாகவே அழுதாள்.

இன்னொருத்தி: ஆன்டெனா ஏற்ற வந்தவர்கள் கூரை ஓட்டை உடைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இதுவரை ஒழுகவில்லை. மழை வந்தால் ஒழுகும். அவள் மேசை நேர் கீழே.

செல்வி: அவள் தன்னுடையதை எழுத மாட்டேன் என்றாள். எழுது என்று எதிரில் உட்கார்ந்துவிட்டேன். வேலை முடியத் தாமதமாகிறது, வீட்டுக்கு வந்து சோறு வடிக்க இருட்டிவிடுகிறது, மாமா பசியோடு உட்கார்ந்திருக்கிறார், இதற்கு ஆபீசு என்ன சொல்கிறது என்று எழுதியிருக்கிறாள். பசி என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனாலும் அவள் புகார் அவளுடையது, இருக்கட்டும்.

பத்மினி சொன்னதுதான் பெரியது. உன்னை, உன் ஆபீசை, உன் மேனேஜரை, இந்தப் புரோட்டகாலைக் கண்டுபிடித்தவனை, அவன் ஊரை எல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னாள். நான் நடுவில் ஒரு தரம்கூட மறிக்கவில்லை.

இவ்வளவுதான். உன் மனசு நோகுமே என்று எதையும் குறைக்கவில்லை. பத்மினி சொன்னதில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் செல்வி எழுத மாட்டேன் என்கிறாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டேன், பேனாவை மூடி வைத்துவிட்டாள். அதனால் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அந்த வார்த்தையை நான் நேரில் சொல்கிறேன்.

உன் நைனா
கன்னையா